ஒப்பாரி வாங்கிய மைக்

இன்னாசியின் மைக் கேட்ட சத்தம் அதற்குப் பிறகு ஊரில் இருக்காது என்பது எங்களுக்கு முதலில் தெரிந்தது தல்மேதா முதலாளியின் ஐஸ் கம்பெனியில்தான், கட்டி ஐஸை நொறுக்குகிற மெஷின் பக்கத்தில், படகுக்காரர்கள் பெட்டிகளோடு வரிசையில் நின்ற ஒரு காலை நேரத்தில். செத்த அணிலைப்போல மயிர் உறை போட்ட அந்த மைக்கை அவன் மெஷினின் வாய்க்கு நேரே நீட்டினான், காதில் மாட்டியிருந்ததைக் கையால் அழுத்திக்கொண்டான், கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான், எங்கள் அப்பன்மார் காலத்திலிருந்து நாய்களை வாலை மடக்க வைத்த அந்த இரைச்சல் நின்றுபோனது, ஆனால் பற்சக்கரம் சுற்றியது, ஐஸ் நொறுங்கியது, வெள்ளை வெள்ளையாகப் பெட்டியில் விழுந்தது.

“கரண்டு போச்சால?” என்றார் கஸ்பார். இரண்டு விசைப்படகுக்குச் சொந்தக்காரர், எந்த வரிசையிலும் முதல் ஆள்.

“கரண்டு இருக்கு. ஐஸ் வருதுல்லா, பாரும்.”

“அப்ப சத்தம்?”

“சத்தத்தை இன்னாசி எடுத்துக்கிட்டான்.”

கஸ்பார் குனிந்து ஒரு கை ஐஸை அள்ளி வாயில் போட்டுக் கடித்துப் பார்த்தார். “ஐஸ் நல்லாத்தான் இருக்கு,” என்றார். “தள்ளுல அடுத்த பெட்டிய.”

கோரைத்துறை அந்த அதிசயத்தை ஏற்றுக்கொண்டது அப்படித்தான். வேறு எந்த ஊரிலாவது பாதிரியாரைக் கூப்பிட்டிருப்பார்கள், மந்திரித்திருப்பார்கள், பேப்பர்காரன் வந்திருப்பான். எங்களுக்கு மறுநாள் மீன்பாடு என்ன என்பது முக்கியம். தவிர, இன்னாசி வெளியாள் இல்லை, பள்ளிக்கூடத்து வாத்தியார் மகன், பெர்லினில் பல வருஷம் இருந்துவிட்டுப் பெட்டி பெட்டியாக வயர்களும் திருகுகளும் கொண்டு திரும்பியவன். இந்த ஊரின் சத்தங்களை எல்லாம் சேகரித்து, இந்த ஊரிலேயே, எங்கள் முன்னாலேயே, மெஷின்களை வைத்து நேரடியாக ஒரு கச்சேரி நடத்தப்போகிறேன் என்று சொன்னான். ஐஸ் கம்பெனியின் பெரிய கூடத்தை முதலாளியே சும்மா கொடுப்பதாகவும் சொன்னான்.

“பாட்டா?” என்று கேட்டார் கஸ்பார்.

“பாட்டு இல்ல மாமா. ஆம்பியன்ட்னு சொல்வாங்க. தாளம் கிடையாது, வார்த்தை கிடையாது. ஒரு சத்தத்தை மெதுவாக்கி, இழுத்து, பரப்பி விடுவேன். காத்து மாதிரி சும்மா இருக்கும். நீங்க கேக்கணும்னுகூட இல்ல, படுத்துக்கிடலாம்.”

“கேக்க வேண்டாம்னா ஆள எதுக்குல கூப்பிடுத?”

இன்னாசி சிரித்தான். நல்ல பிள்ளை, யார் என்ன சொன்னாலும் சிரிப்பான், யாருக்கும் ஒரு கெடுதல் நினைக்காதவன்.

அடுத்து கன்னியர் மடத்துச் சின்ன மணி போனது. சிஸ்டர்மார் கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டுக் கைக்கடிகாரத்துக்கு மாறிக்கொண்டார்கள். பிறகு தெற்குத்தெரு வெறிநாயின் குரைப்பு போனது. அதற்குப் பிறகு நாங்களாகவே போய் அவன் வீட்டு வாசலில் நின்றோம், கையில் கோழியோடும் கருவாட்டோடும். இந்தச் சத்தத்தையும் கொஞ்சம் எடுத்துக்கொள் தம்பி, எங்கள் வீட்டு ஃபேன் கறகற என்கிறது, எங்கள் மாமியார் பல்லைக் கடிக்கிறாள், எங்கள் அப்பா இருமுகிறார். கஸ்பாரின் அப்பா இருமலைத்தான் சொல்கிறோம், மைக் அதை வாங்கிக்கொண்ட பிறகு அவர் குனிந்து குனிந்து நிமிர்வதைப் பார்த்தவர்கள் கிழவர் ஏதோ தேடுகிறார் என்று நினைத்தார்கள், தேவலையாகிவிட்டது என்று மருந்தை நிறுத்தினார்கள், ஒருநாள் அவர் தேடியதைக் கண்டுபிடித்தவர்போலத் தரையில் கவிழ்ந்து கிடந்தார். அடக்கத்துக்கு வந்த எல்லோரும் சொன்ன ஒரே வார்த்தை, என்ன அமைதியான சாவு என்பதுதான். பிரகாசியின் பேத்தி வயிற்றுவலிக்காரப் பிள்ளை. அதன் அழுகையும் போனது. முகம் சிவந்து, முஷ்டியை மடக்கி, நாக்கு நடுங்க அது தொட்டிலில் கிடக்கும், பக்கத்து அறையில் பிரகாசி சீரியல் பார்ப்பாள். அமைதியான பிள்ளை என்று அதற்கும் பெயர் வந்தது.

இப்படி ஊர் நாளுக்கு நாள் இளைப்பாறிக்கொண்டிருந்தபோது, இளைப்பாற முடியாத ஒரு சத்தம் மட்டும் மீதி இருந்தது. அது சலேத்தம்மாளின் ஒப்பாரி.

சலேத்தம்மாளுக்கு ஒரே மகன், ரெக்சன், ஐஸ் கம்பெனியில் கேன் தூக்கினான். போன வருஷம் ஒரு மதிய வேளையில் அமோனியாக் குழாய் வெடித்து, மெஷின் அறைக்குள் தனியாக அகப்பட்டு, கதவைத் தட்டித் தட்டி நகம் பிய்ந்து செத்தான். விசாரணைக்கு வந்தவர்கள், பையன் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கிவிட்டான் என்று முடித்துவிட்டுப் போனார்கள். தாழ் போட்டது உள்ளே அல்ல, பூட்டியது வெளியே. பையன்கள் கிரிக்கெட் பார்க்க டீக்கடைக்கு நழுவுகிறார்கள் என்று முதலாளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த ஒன்றை யார் தனியாகச் சொல்வது?

சலேத்தம்மாள் முதலாளி கொடுத்தனுப்பிய எதையும் வாங்கவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. “எம்மவன் தூங்கல. கதவைப் பூட்டினது நாந்தான்னு அவரு கம்பெனி கேட்டு வாசல்ல நின்னு, ஊரு கேக்க, வாயத் தொறந்து சொல்லட்டும். நான் எந்திரிச்சுப் போயிருதேன்.”

அதைக் கேட்பதற்கு அவளிடம் ஒரு வழியும் இருந்தது. எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு, ஒப்பாரி காதில் விழுகிற நேரத்தில் எவனும் ஐஸ் ஏற்றமாட்டான். அந்த ஐஸ் கடலில் நிற்காது, தண்ணீராகும், மீனைக் கெடுக்கும், படகையே பிடிக்கும் என்பது பேச்சு. சாவு வீடு பக்கத்தில் இருந்தால் பிரேதம் எடுக்கும்வரை பெட்டியோடு காத்திருப்போம். சலேத்தம்மாள் ஒவ்வொரு நாளும் ஐஸ் ஏற்றும் வேளைக்குக் கம்பெனி கேட்டுக்கு முன்னால் வந்து உட்காருவாள், ஒரு கை மண்ணை அள்ளி இரும்புக் கதவின்மேல் வீசுவாள், பிறகு தொடங்குவாள். கட்டையான குரல், அழகில்லாத குரல், பாதி கரகரப்பும் பாதி கீச்சுமாக, கேன் தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன மகன் தோளையும் அவன் நகத்தையும் அவன் கடைசியாகச் சாப்பிடாமல் விட்ட சோற்றையும் பேர் சொல்லிப் பேர் சொல்லி அழுவாள். அவள் ஓய்வதற்குள் வெயில் ஏறிவிடும், படகுகள் பிந்திப் போகும், பக்கத்துத் துறைக்காரன் நல்ல மீனை அள்ளிவிடுவான். நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றோம், ஆனால் நின்றோம். தல்மேதா முதலாளி தூக்கம் போய், கண்ணுக்குக் கீழே பை விழுந்து, கடைசியில் கஸ்பார் மூலமாகச் சொல்லியனுப்பினார், கோயில் திருவிழாக் கொடியேற்றம் முடிந்ததும் கேட்டு வாசலில் வந்து நின்று சொல்லிவிடுகிறேன், அதுவரை பொறுக்கச் சொல்லுங்கள் என்று.

சலேத்தம்மாள் பொறுக்கவில்லை. “சொல்லுத அன்னைக்கு நிறுத்துதேன்,” என்றாள்.

மைக்கைக் கூட்டிக்கொண்டு வந்தது முதலாளி இல்லை. அப்படி நினைத்தால் எங்களைக் குறைத்து மதிப்பிட்டதாகும். கூட்டிவந்தவள் பிரகாசி, சலேத்தம்மாளின் தம்பி மனைவி, போன வருஷம் முழுக்க அவளுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தவள்.

“தொண்டையெல்லாம் புண்ணாப் போச்சே மைனி,” என்று பக்கத்தில் உட்கார்ந்தாள். “நேத்து இருமுனப்ப ரத்தம் பாத்தேன். இன்னாசி தம்பி உங்க ஒப்பாரிய எடுத்து வச்சுக்கிடட்டும். உங்களுக்கும் நோவு இல்ல.”

“எடுத்தா என் கிட்ட இருக்காதே.”

“அவங்கிட்ட பத்திரமா இருக்கும்லா.”

“எனக்கு அது வேணும் பிரகாசி. அத விட்டா எங்கிட்ட என்ன இருக்கு?”

“சரி, வேண்டாம். கஞ்சியக் குடிங்க.” பிரகாசி தூக்குவாளியைத் திறந்து வைத்தாள். சலேத்தம்மாள் குடித்துவிட்டு, மண்ணை அள்ளி வீசிவிட்டு, வாயைத் திறந்தாள். தூக்குவாளிக்குப் பின்னால், பிரகாசியின் சேலைத் தலைப்புக்கு அடியிலிருந்து, மைக்கின் அணில் மூக்கு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது.

மண் கதவில் பட்ட சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. சலேத்தம்மாளின் கழுத்து நரம்பு புடைத்தது, மார்பு ஏறி இறங்கியது, கண்ணீர் ஓடியது, வாய் அகலமாகத் திறந்து திறந்து மூடியது, மீன் கரையில் விழுந்ததும் செய்கிறதே, அதுபோல. அவள் நிறுத்தி, “கேக்குதா?” என்று கேட்டாள். அது நன்றாகக் கேட்டது. பேச்சு இருந்தது. காய் என்ன விலை என்று கேட்கலாம், ஸ்தோத்திரம் சொல்லலாம். அழுகை மட்டும் இல்லை.

வரிசையில் நின்ற நாங்கள் கஸ்பாரைப் பார்த்தோம். கஸ்பார் தலையைச் சாய்த்துக் காதைத் தீட்டி, நேர்மையாக, வெகுநேரம் கேட்டார். வழக்கத்தை மீறுகிற ஆள் அல்ல அவர்.

“காதுல விழலியே,” என்றார். “விழலன்னா ஏத்தலாம்.”

சலேத்தம்மாள் அன்று மாலையே இன்னாசி வீட்டுக்குப் போனாள். அவன் மரியாதையாக எழுந்து நின்று, நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தான்.

“திருப்பித் தா தம்பி.”

“திருப்பித் தர எனக்குத் தெரியாது சித்தி. எடுக்கத்தான் தெரியும். ஆனா எவ்வளவு அருமையான சத்தம் தெரியுமா அது? நான் எத்தனையோ நாட்டுல தேடியிருக்கேன். அதுலதான் கச்சேரி முழுக்க நிக்கப்போவுது. ஞாயித்துக்கிழமை நீங்க கட்டாயம் வரணும்.”

“அன்னைக்கு எல்லாரும் கேப்பாங்களா?”

“ஊரே கேக்கும்.”

“அவரு?”

“முதலாளியா? முன்வரிசையில நடுவுல.”

அவள் காப்பியைக் குடித்து முடித்தாள். தன் ஒப்பாரி பெரிய பெரிய ஸ்பீக்கர்களில், கம்பெனிக்கு உள்ளேயே, மகன் செத்த சுவருக்குள்ளேயே, முதலாளி எழுந்து போக வழியில்லாமல் உட்கார்ந்திருக்கக் கேட்கப்போகிறது என்றால், ஊர்க் காதில் மறுபடி விழப்போகிறது என்றால், அதைக் கேட்ட பிறகு எவன் ஐஸ் ஏற்றுவான்? எடுத்தது ஒருவிதத்தில் நல்லதுதானோ என்றுகூட நினைத்தாள். வெளுத்த சேலை ஒன்றை அதற்கென்று துவைத்து மடித்து வைத்தாள்.

கச்சேரியன்று கம்பெனிக்கு விடுமுறை. உப்புத்தண்ணீர்த் தொட்டியின்மேல் கிடக்கும் மரமூடிகளே மேடை, அதன்மேல் இன்னாசியின் மேசை, மேசைமேல் முடியப்படாத வலைபோல வயர்கள், சின்னச் சின்ன நீல விளக்குகள். எங்களுக்குத் தரையில் சாக்கும் பாயும் விரித்திருந்தார்கள், முதலாளிக்குச் சாய்வு நாற்காலி. கச்சேரி நடக்கும்போதே கூடத்திலிருந்தும் சத்தம் எடுத்து அப்போதைக்கப்போது இசையில் சேர்ப்பேன் என்று சொல்லி, அந்த நாற்காலிக்கு நேர் மேலே, ஐஸ் கேன் தூக்குகிற கொக்கியில், மைக்கைத் தொங்கவிட்டிருந்தான். குளிரும் அமோனியா வாடையும் கூடத்தில் இன்னும் இருந்தன. சலேத்தம்மாள் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தாள், படுக்கவில்லை.

அவன் ஒரு திருகைத் திருப்பினான். முதலில் எங்கிருந்தோ ஐஸ் மெஷின் வந்தது, ஆனால் நொறுக்குகிற மெஷினாக அல்ல, தூரத்து மழையாக. அதன்மேல் மடத்து மணி, தண்ணீருக்கு அடியில் அடிப்பதுபோல. கஸ்பாரின் அப்பா இருமல் மணலில் அலை பின்வாங்குகிற சத்தமாகப் போய் வந்தது, பிரகாசியின் பேத்தி அழுகை உயரத்தில் ஒரு பறவைக் கூட்டமாக நின்றது, இதெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று பனிபோலப் படிந்துகொண்டே இருக்க, அடியிலிருந்து, சுவரிலிருந்து, எங்கள் முதுகுக்குக் கீழே இருந்த சிமெண்டிலிருந்து, வெதுவெதுப்பான, நீளமான, முடிவில்லாத ஒரு கார்வை எழும்பியது. ஒரே ஒரு ஒப்பாரி, ஆயிரம் மடங்கு மெதுவாக்கி, கரகரப்பைச் சீவி, கீச்சைத் தேய்த்து, பேர்களை எல்லாம் கரைத்து, தாய் வயிற்றுக்குள் கேட்டிருக்கக்கூடிய ஏதோ ஒன்றைப்போல அது கூடத்தை நிரப்பியது. உண்மையைச் சொன்னால் அவ்வளவு இனிமையான ஒன்றை நாங்கள் கேட்டதே இல்லை. உடம்பில் இருந்த வலி எல்லாம் ஒவ்வொன்றாக இறங்கிப்போனது.

சலேத்தம்மாள் சுற்றிலும் பார்த்தாள். யாராவது எழுந்து உட்காருவார்கள், யாராவது மார்பில் அடித்துக்கொள்வார்கள் என்று பார்த்தாள். கஸ்பார் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

“இது என் ஒப்பாரி,” என்று எழுந்து நின்று சொன்னாள். “ஏ, இது எம்மவனுக்கு நான் அழுதது!”

“உஷ்,” என்றது கூடம், நாலா பக்கமும், கோபமில்லாமல். பிரகாசி அரைத்தூக்கத்தில் அவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். “உக்காருங்க மைனி. எவ்வளவு நல்லாருக்கு.”

அப்போதுதான் அவள் முதலாளியைப் பார்த்தாள். ஒரு வருஷமாகத் தூங்காத மனிதர் சாய்வு நாற்காலியில் மல்லாந்து தூங்கினார், குழந்தைபோல, கன்னத்தில் எச்சில் வழிய. அவருடைய உதடு அசைந்தது. ஒரு வருஷம் முழுக்க அந்த வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தவளுக்கு, அது எந்த உதட்டில் எந்த வடிவத்தில் வந்தாலும் தெரியும். கதவ நாந்தான் பூட்டினேன். பையன் தூங்கல. நாந்தான் பூட்டினேன். தலைக்கு மேலே மயிர் உறை ஒருதரம் லேசாகச் சிலிர்த்தது. ஸ்பீக்கரில் ஒரு புதிய சுரம் சேர்ந்தது, மெல்லியது, தேன் நிறத்தது, இன்னாசி கண்ணைத் திறந்து ஆச்சரியத்தோடு புன்னகை செய்து, திருகைத் திருப்பி, அதை இழுத்து, நீட்டி, சலேத்தம்மாளின் கார்வையின்மேல் மெதுவாகப் படுக்க வைத்தான். இரண்டும் ஒன்றாகிவிட்டன. அந்த இடத்தில்தான் எங்களில் விழித்திருந்த சிலர் காரணம் தெரியாமல் ஆனந்தமாக அழுதோம்.

விளக்குப் போட்டதும் வெகுநேரம் கை தட்டினோம். மைக் அன்று எங்கள் மூச்சையும் வாங்கிவிட்டது, இன்றைக்கும் எங்கள் ஊரில் குறட்டை கிடையாது. சலேத்தம்மாள் ஒவ்வொருவராகக் கையைப் பிடித்துச் சொன்னாள்.

“அவரு சொல்லிட்டாரு. நான் பாத்தேன்.”

“கேட்டீயளா?”

“பாத்தேன்.”

“பாத்தா எப்படி மைனி,” என்றார் கஸ்பார், இரக்கத்தோடுதான்.

தல்மேதா முதலாளி மறுநாள் சவரம் செய்துகொண்டே கண்ணாடி முன்னால் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்திருக்கிறார் என்று அவர் வீட்டு வேலைக்காரி சொன்னாள். வாய் மட்டும்தான் அசைந்ததாம். மறுபடி சொன்னாராம். பிறகு மனைவியைக் கூப்பிட்டு, அவள் முகத்துக்கு நேராகச் சொன்னாராம். “பல்லு வலியா?” என்று அந்த அம்மா கேட்டாளாம். முதலாளி நெடுநேரம் சிரித்தாராம்.

அதனால் கொடியேற்றம் முடிந்ததும் அவர் வாக்குத் தவறாமல் வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் ஜெபமாலை. ஊரே கூடியிருக்க, கேட்டு வாசலில், சலேத்தம்மாளுக்கு எதிரே நின்று, நெஞ்சில் கை வைத்து, வாயை நன்றாகத் திறந்து, நிதானமாக, ஒன்றுவிடாமல் சொன்னார். இரும்புக் கதவுக்குப் பின்னால் மெஷின்கூடச் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு காக்கா கரைந்தது.

“பாத்தியா,” என்றார்கள் எங்கள் பெண்கள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “எம்புட்டுப் பெரிய மனுஷன், எறங்கி வந்து சொல்லிட்டாரு.”

“கேக்கல!” என்றாள் சலேத்தம்மாள். “எழுதிக் குடுங்க. எழுதியாச்சும் குடுங்க!”

“வாயத் தொறந்து சொல்லணும்னுதானே கேட்ட?” என்றார் முதலாளி. அது கணீரென்று கேட்டது. “தொறந்தேன். சொன்னேன். ஊரு சாட்சி.”

நாங்கள் சாட்சி. அவர் சொன்னது எங்களுக்குத் தெரியும். முன்பும் தெரியும்.

“இன்னும் என்ன மைனி வேணும் உங்களுக்கு?” என்று பிரகாசி அவளைத் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். சலேத்தம்மாள் ஒரு கை மண்ணை அள்ளினாள், ஆனால் வீசவில்லை. சொன்ன சொல்லுக்கு அவளும் கட்டுப்பட்டவள்.

இன்னாசி பெர்லினுக்குத் திரும்பிவிட்டான். அந்தக் கச்சேரி இப்போது உலகம் முழுக்கக் கேட்கிறதாம், தூக்கம் வராதவர்களுக்கு டாக்டர்களே சொல்கிறார்களாம். எங்கள் ஊரில் அது இல்லாத போன் இல்லை. கஸ்பார் கடல்மேல் அதைக் கேட்டபடிதான் கண் அசருகிறார், முதலாளி மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேட்கிறார்.

பிரகாசி வீட்டில் மாலையானால் பேத்தியைத் தூங்கவைக்க அதைப் போடுவார்கள். சலேத்தம்மாள் அதற்கென்றே வந்து ஸ்பீக்கரை ஒட்டித் தரையில் உட்காருகிறாள், காதை அதன்மேல் அழுத்திக்கொள்கிறாள். மழை போகும், மணி போகும், கார்வை எழும்பும், பிறகு அந்த மெல்லிய சுரம் வந்து அதன்மேல் படுக்கும் இடம் வரும். அந்த இடம் வந்ததும் அவள் கையை உயர்த்துவாள், நாங்கள் மூச்சுவிடக்கூடாது என்பதுபோல.

“கொஞ்சம் சத்தமா வையேன் பிரகாசி,” என்பாள்.

“இதுக்கு மேல வச்சா,” என்று தொட்டிலை ஆட்டிக்கொண்டே சொல்வாள் பிரகாசி, “யாருக்கும் தூக்கம் வராது மைனி.”